டிப்போ ஓய்வறையில் புள்ளியியல்

முதல் பருவத் தேர்வில் ஐந்து பாடங்களில் மூன்றில் தேறாமல் போன டிரைவரம்மாவுக்கு, படிப்பை விட்டுவிட நல்ல நல்ல காரணங்களை ஆளாளுக்குத் தேடிக் கொடுத்தார்கள். குழாய் வேலை பார்க்கிற அவள் கணவர், அவளுடைய இடுப்பு வலியைக் காரணம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற மகள், வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பரீட்சைக்குப் படித்தால் சமைப்பது யார் என்று கேட்டாள். டிப்போவில் கூட வண்டி ஓட்டுகிறவர்கள், இத்தனை வயதுக்கு மேல் முயற்சி பண்ணியதே பெரிசு, கௌரவமாக ஒதுங்கிக்கொள் என்றார்கள்.

கல்லூரியிலிருந்து வந்த கடிதம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவளைத் ‘தகுதிகாண் பருவத்தில்’ வைத்திருப்பதாகச் சொன்னது. இன்னும் ஒரு பருவம் பார்ப்பார்கள். அதற்குள் சராசரி ஐம்பதைத் தொடாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். அதுவரை ஒவ்வொரு வாரமும் கற்றல் உதவி மையத்துக்குக் கட்டாயம் வர வேண்டும்.

“நிறுத்துன்னு காலேஜே சொல்லல. நீங்க எல்லாரும் ஏன் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பதைத் தாண்டியவள். போக்குவரத்து மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தது யாரையும் திருத்துவதற்கல்ல. டிப்போவின் கால அட்டவணை அலுவலகத்தில் ஒரு வேலை இரண்டு தடவை காலியாகி, இரண்டு தடவையும் பட்டம் இல்லை என்று அவள் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. ஏன் அந்த வேலை என்று கேட்டவர்களிடம் அவள் மறைக்காமல் சொன்னாள்: அங்கே சுழல் நாற்காலி இருக்கிறது, சன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது, அதில் உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. காலையில் வண்டி, மதியம் கல்லூரி என்று ஓடியதில் முதல் பருவம் அவளைப் புரட்டிப் போட்டுவிட்டது. அதிலும் புள்ளியியல் என்றொரு பாடம். நூற்றுக்குப் பதினொன்று.

கற்றல் உதவி மையம் நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. பெயர்தான் மையம். உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் பாதியை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்; மீதிப் பாதியில் நாற்காலிகள் இன்னும் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. அவளோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் அவள் மகள் வயது, அல்லது ஒன்றிரண்டு கூட. முதல் நாள் ஒரு பெண் “ஆன்ட்டி, இங்க உட்காருங்க” என்றதும், அக்கா என்று கூப்பிடு, இல்லாவிட்டால் டிரைவர் என்று கூப்பிடு, ஆன்ட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிவப்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி அணிந்திருந்ததால் எல்லாருக்கும் அவள் சிவப்புக் கண்ணாடி. கடைசி நாற்காலியில் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் பெயர் கொட்டாவி. அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மையத்தை நடத்திய ஆலோசகருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர். எதற்கும் கோபப்பட மாட்டார். ஆளுக்கொரு கட்டம் போட்ட தாளும் வண்ணப் பென்சில்களும் கொடுத்து, ஒரு வாரத்தை நிரப்பச் சொன்னார். தூக்கத்துக்கு நீலம், வேலைக்குச் சிவப்பு, படிப்புக்குப் பச்சை, ஓய்வுக்கு மஞ்சள். டிரைவரம்மா சிவப்பையும் பச்சையையும் தீட்டி முடித்தபோது நீலத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. மஞ்சள் பென்சில் கூர் மழுங்காமல் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் அதே தாளைப் பார்த்து மஞ்சளை எப்படிக் கூட்டுவது என்று பேசினார்கள். அதற்கடுத்த வாரம் மூச்சுப் பயிற்சி.

அன்றைக்கு அவள் கையைத் தூக்கி, புள்ளியியல் எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டாள்.

ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். “இங்க பாடம் நடத்தறதில்லை மேடம். உங்க படிக்கற பழக்கத்தைத்தான் நாம சரி பண்றோம்.”

“சார், எனக்குப் பழக்கமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. திட்டவிலக்கம்தான் புரியல.”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இங்கே இருக்கிற ஏழு பேரில் ஆறு பேர் புள்ளியியலில்தான் கவிழ்ந்திருக்கிறோம், ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதைவிடக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் நல்லது என்றாள். பாட உதவிக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார், ஆனால் கல்லூரி முழுவதற்கும் ஒருவர்தான், காத்திருப்போர் வரிசை தேர்வுக்கு அப்பால் போகிறது என்று ஆலோசகர் ஒப்புக்கொண்டார். சொல்லும்போது அவர் முகம் வாடித்தான் போயிற்று.

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே கொட்டாவி பேசினான்.

“ரெண்டு வகுப்பு இருக்கு. ஒண்ணுல எல்லாரும் அம்பது மார்க். இன்னொண்ணுல பாதிப் பேர் பூஜ்ஜியம், பாதிப் பேர் நூறு. சராசரி என்ன?”

“ரெண்டுக்கும் அம்பது” என்றாள் டிரைவரம்மா.

“ரெண்டு வகுப்பும் ஒண்ணா?”

“அது எப்படி ஒண்ணாகும்?”

“ஒண்ணு இல்லைங்கிறதை ஒரு எண்ணுல சொல்லணும். அவ்வளவுதான் திட்டவிலக்கம்.” இப்போது கண்ணைத் திறந்துவிட்டான். எழுந்து வந்து, அவள் வண்ணம் தீட்டிய தாளைத் திருப்பிப் போட்டு, பச்சைப் பென்சிலால் எண்களை எழுதினான். ஒவ்வொருவரும் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள், அதை ஏன் வர்க்கப்படுத்துகிறோம், கடைசியில் ஏன் வர்க்கமூலம் எடுக்கிறோம். ஒரு பருவம் முழுக்க ஊமை கண்ட கனவாக இருந்த விஷயம் அந்தத் தாளின் பின்பக்கத்தில் வாய் திறந்தது.

அவன் புள்ளியியலில் தொண்ணூற்றாறு வாங்கியவன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு ரொட்டிக் கடையில் விடியும் முன்பு போய் அடுப்பு வேலை பார்க்கிறான். வேலை முடிகிற நேரத்தில் உடம்பு படுக்கையைத் தேடும். காலை வகுப்புகள் அவன் இல்லாமலே நடக்கும். மதிய வகுப்பில் இருந்த புள்ளியியல் மட்டும் தப்பித்தது. மற்ற நான்கிலும் தோல்வி.

அன்று முதல் ஆலோசகரின் ஒரு மணி நேரம் முடிந்த பிறகு யாரும் எழுந்து போகவில்லை. உடைந்த நாற்காலி ஒன்றின் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து அதில் எழுதினான் கொட்டாவி. அவன் ஒன்றும் இனிக்க இனிக்கப் பேசுகிற வாத்தியார் அல்ல. அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஆனாலும் கூட்டம் ஏழிலிருந்து பத்தாயிற்று.

பத்தானதும் விஷயம் மேலே போயிற்று. அடுத்த வாரம் ஆலோசகர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு விதியைச் சொன்னார்: மையத்தில் பாடம் சொல்லித் தருகிறவர் நல்ல தகுதி நிலையில் இருக்கும் மாணவராக இருக்க வேண்டும், தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் சொல்லித் தரக் கூடாது. இனி மணி அடித்ததும் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

டிரைவரம்மா நேராக மாணவர் நலத் தலைவியின் அறைக்குப் போனாள். அந்த அம்மாள் மரியாதையாக உட்காரச் சொன்னார். தேநீர்கூடக் கொடுத்தார்.

“நீந்தத் தெரியாதவரை நீச்சல் சொல்லித்தர விட முடியுமா, நீங்களே சொல்லுங்க?”

“அவனுக்கு நீந்தத் தெரியும் மேடம். காலைல எந்திரிக்கத்தான் முடியல.”

தலைவி புன்னகைத்தார். ஒருவருக்காக விதியை வளைக்க முடியாது என்றார். அதோடு நிற்காமல், உங்கள் வயதில் இந்த மன அழுத்தம் தேவையா, இப்போதே விலகினால் பதிவேட்டில் தோல்வி என்று வராது, விலகல் என்றுதான் வரும், நான் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். டிரைவரம்மா தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையை மெதுவாக வைத்தாள். “தோல்வின்னே வரட்டும் மேடம். உட்கார்ந்து எழுதினேன்னு அதுக்கு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவள் வெளியே வந்தாள். மற்ற ஒன்பது பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சிற்றுண்டிச் சாலையில் உட்காரலாம் என்றால் அங்கே சாப்பிடாதவர்களுக்கு இடமில்லை. நூலகத்தில் பேசக் கூடாது. கொட்டாவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடுங்க, நான் போய்த் தூங்குகிறேன் என்றான்.

“எல்லாரும் கிளம்புங்க. நம்ம டிப்போவுக்குப் போலாம்” என்றாள் டிரைவரம்மா.

டிப்போவின் ஓய்வறை நீளமானது. இரண்டு மேசை, நாலு பெஞ்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி, எப்போதும் ஓடுகிற மின்விசிறி. ஷிப்டுக்கு நடுவில் டிரைவர்கள் அங்கே காலை நீட்டுவார்கள், சீட்டாடுவார்கள். டிப்போக் கட்டுப்பாட்டாளர் வாசலில் வழி மறித்தார். உடம்பு பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. இது என்ன பள்ளிக்கூடமா, வெளியாட்களை உள்ளே விட்டால் நாளைக்கு எனக்குத்தான் கேள்வி வரும் என்றார்.

“சீட்டாடறதுக்குக் கேள்வி வராதா? அதையும் சேர்த்துக் கேக்கச் சொல்லட்டுமா?” என்று டிரைவரம்மா கேட்டாள்.

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். கையில் சீட்டு வைத்திருந்தவர்களில் அவருடைய மச்சானும் இருந்தான். ஒரு மேசை, ஓரமாக, சத்தமில்லாமல் என்று பேரம் படிந்தது. பழைய வழித்தடப் பலகை ஒன்றைத் திருப்பி வைத்தால் கறுப்பாக இருந்தது. சுண்ணாம்புக் கட்டி கிடைத்தது. முதல் வாரம் டிரைவர்கள் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம், சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று சீட்டாட்டத்துக்கு நடுவே அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது.

கொட்டாவிக்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் ஓட்டுகிற முதல் வண்டி ரொட்டிக் கடையைத் தாண்டித்தான் வரும், கல்லூரி வாசலையும் தாண்டித்தான் போகும். வேலை முடிந்ததும் நிறுத்தத்துக்கு வந்து நில், வண்டியில் தூங்கிக்கொள், இறக்கிவிடுவது என் பொறுப்பு என்றாள். அவன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாவு ஒட்டிய சட்டையோடு முன் இருக்கையில் சாய்ந்து அவன் குறட்டை விடுவான். கல்லூரி நிறுத்தம் வந்தால் பக்கத்தில் இருக்கிற பயணி உலுக்குவார். எழவில்லை என்றால் டிரைவரம்மா ஹாரனை அடிப்பாள். அவன் திட்டிக்கொண்டே இறங்கிப் போவான். ஆனாலும் போனான். காலை வகுப்பு ஆசிரியர்கள் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

தேர்வு நெருங்கியபோது நிகழ்தகவு வந்தது. அதில் டிரைவரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரே கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டாள். எத்தனையாவது தடவையோ தப்பானபோது கொட்டாவி சுண்ணாம்பைத் தரையில் எறிந்தான். “அக்கா, உங்களுக்கு இது வராது. இதை விட்டுட்டு மத்ததைப் பாருங்க.”

 சீட்டுப் போடுகிறவர்கள்கூட நிறுத்தினார்கள். அவள் குனிந்து, உடைந்த சுண்ணாம்பில் பெரிய துண்டைப் பொறுக்கி அவன் முன்னால் நீட்டினாள்.

“வராதுன்னு சொல்ல எனக்கு ஊர்ப்பட்ட ஆள் இருக்காங்க, தம்பி. அதுக்கு நீ வேண்டாம். நீ சொல்லிக் கொடு.”

அவன் அதை வாங்கிக்கொண்டான். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை மெதுவாக.

ஒரு நாள் மாலை ஆலோசகரே டிப்போவுக்கு வந்துவிட்டார். விஷயம் தலைவியின் காதுக்குப் போயிருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை வரலாம், எச்சரித்துவிட்டுப் போக வந்தேன் என்றார். எந்த விதிப்படி என்று அவள் கேட்டாள். அவர் பழைய விதியையே சொன்னார்.

“அது காலேஜ் விதி சார். இது டிப்போ. இங்க புகை பிடிக்கக் கூடாது, பெஞ்சு மேல செருப்புக் காலை வைக்கக் கூடாது. வேற விதி கிடையாது.”

ஆலோசகர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது. பலகையில் இருந்த கணக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

முடிவு வந்தபோது அவள் புள்ளியியலில் ஐம்பத்தெட்டு. மொத்தச் சராசரி ஐம்பதைக் கொஞ்சம் தாண்டி நின்றது. சிவப்புக் கண்ணாடியும் தேறினாள். கொட்டாவியிடம் படித்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் புள்ளியியலில் கரை ஏறிவிட்டார்கள். கொட்டாவி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான். ஆனால் பழைய தோல்விகளையும் சேர்த்துக் கூட்டியபோது சராசரி நாற்பத்தெட்டில் நின்றுவிட்டது. அவனை நீக்கிக் கடிதம் வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே ஒரு வரி.

அவன் போக மாட்டேன் என்றான். கடையில் முழு நேர வேலை தருகிறார்களாம். டிரைவரம்மா அவனோடு வாதாடவில்லை. அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு, சாதாரணப் பயணியாக வண்டியேறி, கடை வாசலில் போய் நின்றாள். வேலை முடிந்து வெளியே வந்தவன், அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுவிட்டுக் கூடவே நடந்தான்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் மாணவர் நலத் தலைவி. மேசையின் ஓரத்தில் குறிப்பெடுக்க ஆலோசகர். மாணவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. வழக்கமாகப் பெற்றோர் வருவார்கள். தலைவி டிரைவரம்மாவைப் பார்த்து, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார்.

“நான் இவர்கிட்ட படிச்சவ.”

அப்படி ஒரு உறவு விதியில் இல்லை என்றார் குழுவில் இன்னொருவர். துணைக்கு ஒருவர் என்றுதான் இருக்கிறது, யார் என்று இல்லை, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தலைவி கொட்டாவியிடம், ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு மனசு ஒருநிலைப்பட்ட பிறகு திரும்பி வரலாமே என்றார். டிரைவரம்மாவுக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. அதற்குள் கொட்டாவியே பேச ஆரம்பித்தான்.

“முதல் பருவத்துல நான் வரல. அது என் தப்பு, மறுக்கல. இந்தப் பருவத்துல ஒரு வகுப்பு விடாம வந்தேன். எல்லாத்துலயும் பாஸ். வராதவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தீங்க. வந்தவனை அனுப்பறீங்க. இது யாருக்கு உதவி பண்ற திட்டம்?”

 ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். குறிப்பெடுப்பதுதான் என் வேலை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினார். மையத்துக்கு வந்தவர்களில் எட்டுப் பேர் இந்தப் பருவம் புள்ளியியலில் தேறியிருக்கிறார்கள். நான் அவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் வேறு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் காது சிவந்துவிட்டது. தலைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் பேனாவை எடுத்துத் தான் சொன்னதையே குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மூன்று பேரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். இன்னும் ஒரு பருவம் தருகிறோம் என்றார் தலைவி. ஒரு நிபந்தனை: அந்தப் பருவத்தில் அவர் யாருக்கும் பாடம் சொல்லித் தரக் கூடாது, தன் படிப்பை மட்டும் பார்க்க வேண்டும்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று டிரைவரம்மா மூச்சை விட்டாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. கொட்டாவி அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அவள் மேசைக்கு அடியில் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

“அது முடியாதுங்க” என்றான் கொட்டாவி.

மூன்றாவது ஆளாக அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஒரு வயதான பேராசிரியர், ஏன் முடியாது என்று கேட்டார். சொல்லித் தரும்போதுதான் எனக்கே பாடம் பிடிக்கிறது என்று அவன் சொன்னான். அதை நிறுத்தினால் நான் மறுபடியும் தூங்கிவிடுவேன் என்றான். பேராசிரியர் தலைவியின் பக்கம் சாய்ந்து, ‘கல்லூரி வளாகத்துக்குள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாமே, வெளியே ஒருவர் என்ன பேசுகிறார் என்று நாம் எங்கே போய்ப் பார்ப்பது என்றார். தலைவிக்கு அதில் சம்மதமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் நேரமாகிவிட்டது, வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்.

இருவரும் படி இறங்கி வாசலுக்கு வந்தார்கள். வெயிலில் கண் கூசியது. மாற்றி வாங்கிய மதிய ஷிப்டுக்கு அவள் ஓட வேண்டியிருந்தது. கொட்டாவி நொண்டி நொண்டி நடந்தான்.

“ஒரு விஷயம் கேக்கணும் அக்கா. காலை எதுக்கு மிதிச்சீங்க? சரின்னு சொல்லவா, சொல்லாதேன்னா?”

டிரைவரம்மா யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். உலகத்துக்கே எதிர்த்து நிற்கச் சொல்லிக் கொடுத்தவள் மாதிரி நிமிர்ந்து நின்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“சரின்னு சொல்லத்தான்” என்றாள்.

“நல்லவேளை. நான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்.”

அவளுக்கு வந்த சிரிப்பில் வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தான். அவள் பக்கத்தில் நின்ற கொட்டாவி, வாயைக் கையால் மூடிப் பெரிய கொட்டாவி ஒன்று விட்டான். அடுத்த பருவத்தில் பொருளியல் இருக்கிறதாமே, அது உனக்கு வருமா என்று அவள் கேட்டாள். இதுவரை தெரியாது, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றான். அவள் வண்டியைப் பிடிக்க ஓடினாள்.